ஆற்றிக் குடித்த கறுப்பு பீர்

என் மகள் பெங்களூரில் பீர் காய்ச்சுகிறாள். இதை இப்படிப் பளிச்சென்று சொல்ல எனக்கு வெகுநாள் ஆனது. என் வீட்டுக்காரருக்கு அதைவிட நாளானது. சொந்தக்காரர்கள் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "கம்பெனியில கெமிஸ்ட்டா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உடனே மழைப் பேச்சுக்குத் தாவிவிடுவார். மேற்கே கட்டியிருக்கிறது, கிழக்கே கட்டியிருக்கிறது என்பார். பங்குனி வெயிலில் மண்டை பிளக்கும்போதும் மழைப் பேச்சுதான். கேட்டவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்ப்பேன்.

பயோடெக் படித்த பெண். முதலில் ஒரு மருந்துக் கம்பெனியில்தான் இருந்தாள். பிறகு சொந்தமாகப் பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தாள். எங்களிடம் மறைக்கவில்லை. போனில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்பாடெல்லாம் ஒழுங்கா உண்டுக்க" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் வேலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பஸ் கிடைத்ததா, காய்ச்சல் விட்டதா, அறையில் தண்ணீர் வருகிறதா, எல்லாம் கேட்பார். வேலையை மட்டும் கேட்கமாட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

அவர் மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் காரணமில்லாமல் அப்படி இருக்கவில்லை. அவருடைய சித்தப்பா ஒருவர் குடித்தே செத்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதில் இவர்தான் அவரைக் கடைவாசலிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டி வருவாராம். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது என்று எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். மறுமுறை சொல்லவில்லை. அதனால் எங்கள் வீட்டில் குடி என்பது பேச்சிலேயே கிடையாது.

வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் விலக்கு. ஆடியில் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து முனியப்பன் கோயிலில் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவோம். முனியப்பனுக்குச் சுருட்டும் ஒரு பாட்டிலும் வைத்தாக வேண்டும். வைத்ததை, யார் வீட்டுப் படையலோ அந்த வீட்டுப் பெரியவர் முதலில் வாயில் விட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாதில்லையா? இவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு, விளக்கெண்ணெய் குடித்த மூஞ்சியோடு திரும்பி நடப்பார். அதைப் பார்க்கவே பங்காளிகள் காத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் எங்கள் வட்டாரத்தில் அவர் நாக்குக்கு ஒரு மரியாதை உண்டு. ராசிபுரம் பக்கம் எந்தக் கல்யாணமானாலும் பந்திக்கு முன் சமையல்காரர் இவரைக் கூப்பிட்டு ரசத்தை நீட்டுவார். வீட்டில் அந்த நாக்கோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினால் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவார். நான் நாமகிரிப்பேட்டைக்காரி. மஞ்சள் மண்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள். என் அப்பா வீட்டில் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து போவார்கள். இங்கே வந்துதான் ஒரு கரண்டி குழம்புக்கு இவ்வளவு பேச்சு உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

போன ஆடிக்கு மகள் வந்தபோது, துணிகளுக்கு நடுவே துண்டில் சுற்றி இரண்டு பாட்டில் கொண்டு வந்திருந்தாள். தவிட்டு நிறக் கண்ணாடி, கம்பி வைத்து இறுக்கிய மூடி. அவர் கோயில் சாமான் வாங்க ராசிபுரம் போயிருந்தார். பாட்டில்களை ஃபிரிட்ஜில் மோருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து சமையல்மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"இது நானே கணக்குப் போட்டுக் காய்ச்சுனதும்மா. இதுவரைக்கும் அடுத்தவங்க சொல்றதத்தான் காய்ச்சிட்டிருந்தேன். அங்க எல்லாரும் நல்லாருக்குதுங்கறாங்க. அப்பா ஒரு வாய் குடிச்சுப் பாத்து எப்படி இருக்குதுன்னு சொல்லணும். நல்லால்லைன்னு சொன்னாக்கூடப் போதும்."

"ஆசையப் பாரு," என்றேன். "அந்த மனுசன் கோயில்லயே ஒரு சொட்டுக்கு மேல விடமாட்டாரு."

"அப்ப நீங்களாச்சும் குடிச்சுப் பாருங்கம்மா."

நான் திகைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெற்ற பெண் தன் கையால் சமைத்ததை ஒரு வாய் தின்று பார்க்காத அம்மா உண்டா? அதுவும் அவள் எனக்கென்று ஒரு சின்னப் பையில் சாமான் வேறு கொண்டு வந்திருந்தாள். சமையல் என்றால் சாமானைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கரியாக வறுத்த பார்லி. கடித்தால் புளியங்கொட்டை வறுத்துத் தின்ற ருசி. இன்னொரு பொட்டலத்தில் ரை என்று ஒரு தானியம். கோதுமையைப் பட்டினி போட்டு வளர்த்ததுபோல் ஒல்லியாக, சாம்பல் பச்சையில் இருந்தது. குளிர் தேசத்தில் விளைவதாம். மென்று பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை, பிறகு லேசான காரம் தொண்டையில் ஏறியது. மூன்றாவது ஹாப்ஸ் என்று ஒரு காய்ந்த பூ. உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னாள். கசக்கி முகர்ந்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசம். இவ்வளவு தொலைவிலிருந்து வந்த பூவில் எங்கள் ஊறுகாய் ஜாடி இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"பாட்டில எடுத்து ரெண்டு டம்ளர்ல ஊத்தி வைங்கம்மா, மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போனாள்.

நான் ஊற்றினேன். எவர்சில்வர் டம்ளர்தான். எங்கள் வீட்டில் வேறு எதில் ஊற்றுவது? கறுப்பாக இறங்கியது. மேலே தவிட்டு நிறத்தில் நுரை எழும்பியது. டிகாக்‌ஷன் கறுப்பு, காப்பி நுரை. அப்புறம் நடந்ததில் என் புத்திக்குப் பங்கே இல்லை. கை தானாகப் போய் டபராவை எடுத்தது. டம்ளரைத் தூக்கி, அரை முழ உயரத்திலிருந்து ஆற்றிவிட்டேன்.

அது காப்பி இல்லை என்பதை பீர் உடனே காட்டிவிட்டது. நுரை பொங்கி டபராவைத் தாண்டி, மேடையைத் தாண்டி, என் சேலையில் இறங்கி, அடுப்படியெங்கும் ஓடியது. நான் பதறிப்போய்த் திரும்பவும் டம்ளருக்கு மாற்றினேன். இன்னும் பொங்கியது. நிறுத்தத் தோன்றவில்லை. பொங்கினால் ஆற்று என்றுதானே இந்தக் கைக்குப் பழக்கம்!

மகள் ஓடி வந்தாள். "அம்மா! என்னம்மா பண்றீங்க!" என்று கத்தியவள், என் கோலத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். அந்த அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

பாட்டிலில் மீதி இருந்ததை அவள் டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக இறக்கி, விரற்கடை நுரையோடு தந்தாள். குடித்தேன். சில்லென்று இருந்தது. நாக்கில் முள்முள்ளாகக் குத்தியது. பிறகு கசப்பு. எனக்கு நீட்டி முழக்கத் தெரியாது. "கசக்குது கண்ணு" என்றேன். அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ருசியைக் கேட்டு வந்தவளிடம் பாசத்தைக் கொடுத்தால் அது அவமரியாதை.

மேடையைத் துடைத்தோம். தரையைக் கழுவினோம். நான் ஆற்றிய டம்ளர் ஜன்னலோரம் இருந்தது, அதில் பாதி மிச்சம் நின்றது. கொட்டிவிடலாம் என்று எடுத்தேன். நுரை அடங்கி, சில்லிப்பு போய், கறுப்புக் கண்ணாடிபோல் நின்றது. வீணாக்குவானேன் என்று ஒரு வாய் குடித்தேன்.

அதுதான் நான் உண்மையில் குடித்த முதல் வாய். முள் இல்லை, குளிர் இல்லை, ருசி மட்டும் இருந்தது. முதலில் வறுத்த வாசம் வந்தது. அதன் அடியில் ஓர் இனிப்பு. வெல்லப் பாகு கருகப்போகிற சமயத்தில் ஒரு மணம் வரும். அதற்கு முன்னால் இறக்கினால் வெறும் இனிப்பு, பின்னால் இறக்கினால் வெறும் கரி. சரியாக அந்த இடத்தில் பிடித்து நிறுத்தியிருந்தாள். நடு நாக்கில் ராகிக் கூழின் வழுவழுப்பும் கனமும் இருந்தன. அந்தக் கனத்துக்குள்ளிருந்துதான் ரையின் காரம் தலைகாட்டியது. மிளகு மாதிரி முன்னால் வந்து நிற்கவில்லை. தொண்டைக்குப் போகிற வழியில் ஒதுங்கி நின்று தொட்டது. கடைசியில் கசப்பு. சற்று முன் என்னை மிரட்டிய அதே கசப்புதான். இப்போது நார்த்தங்காய் வாசத்தோடு, சாப்பாடு முடிந்தபின் வெற்றிலை நிற்பதுபோல் வாயில் நின்றது. அது போனதும் இன்னொரு வாய் வேண்டும்போல் இருந்தது.

"இந்தா, இதக் குடிச்சுப் பாரு," என்றேன்.

அவள் குடித்தாள். "ரை இதுலதாம்மா நல்லாத் தெரியுது. அங்க ரொம்ப சில்லுனு ஊத்தித் தராங்க. எனக்கு அப்பவே அது புடிக்கல, ஆனாச் சொல்ல முடியல," என்றாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு, "நீங்க ஆத்துனது நல்லதாப் போச்சு" என்றாள். நான் பெரிய கெட்டிக்காரிபோல் தலையை ஆட்டிக்கொண்டேன்.

என் வயிற்றில் பிறந்த பெண் இப்படி ஒன்றைக் கையால் செய்வாள் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. பெருமையாக இருந்தது. அதை அவளிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அடக்கி வைக்கிற பழக்கம் எனக்கில்லை, அது அவருடைய பழக்கம்.

அவர் பொழுதோடு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கு விடைத்தது.

"புளியங்கொட்ட வறுத்தியா புள்ள?"

"இல்லைங்க. உங்க மக செஞ்சது. ஒரு பாட்டில் சிந்திப்போச்சு. இன்னொண்ணு மோருக்குப் பின்னால இருக்குது. ஒரு வாய் குடிச்சுப் பாத்து எப்படி இருக்குதுன்னு நீங்க சொல்லோணுமாம். அதுக்குன்னு அங்கிருந்து தூக்கிட்டு வந்திருக்குது."

மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளையும் பார்க்கவில்லை, ஃபிரிட்ஜையும் பார்க்கவில்லை. மஞ்சப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "கிடா நல்லாக் கெடச்சுது" என்று சொல்லிக் கால் கழுவப் போய்விட்டார். அந்தப் பையில் முனியப்பனுக்கான கடைப் பாட்டில் இருந்தது. வருடா வருடம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய் அவரேதான் வாங்கி வருவார்.

மறுநாள் காலையில் மோரை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பின்னால் பாட்டில் இல்லை. அவர் விடிந்ததுமே கிடாவோடு கோயிலுக்குப் போய்விட்டிருந்தார். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அப்பா கொட்டிட்டாருங்கம்மா," என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இனி ஆடிக்கு நான் வரலைங்கம்மா" என்றும் மெதுவாகச் சொன்னாள்.

கோயில் வெண்ணந்தூருக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது. வேனில் போகும் வழி முழுக்க நான் மனதுக்குள் அவரை நார் நாராகக் கிழித்துக்கொண்டு போனேன். குடிக்க வேண்டாம், அது அவர் இஷ்டம். பெற்ற பெண் துண்டில் சுற்றி எடுத்து வந்ததைச் சாக்கடையில் ஊற்ற என்ன உரிமை இருக்கிறது? பொங்கல் முடியட்டும், பங்காளிகள் முன்னாலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போனதும் கேட்க வாய்ப்பில்லை. படையல் தொடங்கிவிட்டது. முனியப்பனுக்கு முன்னால் இலை போட்டுப் பொங்கல், பழம், சுருட்டு எல்லாம் வைத்தார்கள். பூசாரி, "பாட்டில வைங்க" என்றார். என் வீட்டுக்காரர் மஞ்சப்பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது தவிட்டு நிறக் கண்ணாடி, கம்பி வைத்த மூடி.

மகள் என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

"இதென்னுங்க, புதுசா இருக்குது?" என்றார் பூசாரி.

"ஊட்டுல செஞ்சதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். யார் செய்தது என்று சொல்லவில்லை. பங்காளிகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏதோ கஷாயம் என்று நினைத்திருப்பார்கள். பூசாரி மூடியைத் திறக்கச் சொன்னார். வெயிலில் கிடந்து, பையில் குலுங்கி வந்த பாட்டில் அது. இவர் கம்பியைத் தள்ளினாரோ இல்லையோ, மூடி பட்டென்று தெறித்து, நுரை சீறிக்கொண்டு எழும்பி, அவர் வேட்டியெல்லாம் நனைந்து, படையல் இலை வரைக்கும் போய் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏத்துக்கிட்டாருங்க!" என்று பூசாரி கத்தினார். "கற்பூரம் காட்டறதுக்கு முன்னாலயே முனியப்பன் வாங்கிக்கிட்டாருங்க!" பம்பைக்காரர் அதற்கென்றே காத்திருந்ததுபோல் அடித்து நொறுக்கினார். பெண்கள் குலவை போட்டார்கள். என் மகள் காய்ச்சிய பீருக்குக் குலவை போட்டார்கள்! நானும் போட்டேன்.

சாமிக்கு ஊற்றியது போக மிச்சத்தை ஒரு செம்பில் அவரிடம் தந்தார்கள். பங்காளிகள் விளக்கெண்ணெய் மூஞ்சியைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள். அவர் செம்பைத் தூக்கினார். ஒரு சொட்டு இல்லை, ஒரு வாய் விட்டுக்கொண்டார். விழுங்கவில்லை. கல்யாண வீட்டில் ரசத்தை வைத்துக்கொள்வாரே, அப்படிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றார். நுரை போயிருந்தது, சில்லிப்பு போயிருந்தது. நான் ஆற்றிக் கண்டுபிடித்த அதே பதத்தில், வெயிலும் பையும் ஆற்றிக் கொடுத்ததைத்தான் அவர் குடித்தார். பிறகு விழுங்கினார். மூஞ்சி கோணவில்லை. செம்பைப் பங்காளிகளிடம் தந்துவிட்டு நனைந்த வேட்டியைப் பிழியப் போனார்.

கறிச்சோறு முடிந்து எல்லாரும் புளியமரத்தடியில் சாய்ந்திருந்தபோதுதான் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் பேசினார்.

"வறுத்த பதம் நல்லாருக்குது. நடுவுல ஒரு காரம் வருது, அது என்ன தானியம்?"

"ரைங்கப்பா."

"அது இன்னொரு கை கூட இருக்கலாம். கசப்பக் கொறச்சுராத. கடேசி வரைக்கும் நிக்குது, அது நிக்கோணும்." வேட்டியில் காய்ந்திருந்த நுரைக்கறையைச் சுரண்டினார். "எங்க சித்தப்பன் குடிச்சதுல ருசின்னு ஒண்ணு இருந்ததே இல்ல சாமி. அந்த நாத்தம்தான் எனக்குத் தெரியும். இதுல அது இல்ல. நான் குடிக்கப்போறதில்ல, அதக் கேக்காத. முனியப்பனுக்கு மட்டும் இனி வருசா வருசம் நீயே கொண்டாந்துரு."

மகள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. எனக்கு அந்தச் சங்கடமில்லை, நான் அழுதுவிட்டேன்.

அப்போது வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த அவருடைய அக்கா, வெற்றிலையை மென்றுகொண்டே எங்கள் பக்கம் வந்தார். மகளின் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, புள்ள இப்ப என்ன பண்ணுது?" என்றார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். மேற்கே உண்மையாகவே மழை கட்டியிருந்தது, இடிகூட ஒன்று கேட்டது.

"பீர் காய்ச்சுதுக்கா," என்றார் அவர். "காலையில முனியப்பன் குடிச்சது எம்புள்ள காய்ச்சுனதுதான்."

மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.